இங்கனதான் இருக்கேன்

என் மகள் கோமதிக்குப் பதினான்கு வயது முடிந்த மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மனைவி சந்தனமாரி அடுப்பிலிருந்து இட்லிச் சட்டியை இறக்கிக்கொண்டும், நான் டூட்டிக்குப் போகக் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டும் இருந்தபோது, கூடத்துச் சுவரிலிருந்து என் குரல் "கோமூ" என்று கூப்பிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அது என் குரல்தான், புகையிலை போட ஆரம்பிப்பதற்கு முந்திய குரல், இளசாகவும் கொஞ்சம் கொஞ்சலாகவும் இருந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடி ஒன்றைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்த கோமு, யார் எத்தனை முறை கூப்பிட்டும் திரும்பாத கோமு, மூடியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"இங்கனதான் இருக்கேன்."

இட்லிச் சட்டியின் ஆவி முகத்தில் அடிக்க மாரி அப்படியே நின்றாள். கொஞ்ச நேரத்தில் அதே சுவரிலிருந்து மாரியின் குரல் வந்தது. "கோமு, பால் ஆறுது பாரு, வாட்டி." அதற்கும் கோமு சொன்னாள், "இங்கனதான் இருக்கேன்." மாரி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்தபடி வந்து, "ஏங்க, இது அவளுக்கு மூணு வயசு முடிஞ்ச மறுநாளு. நீல ஃபிராக் போட்டிருந்தா. அன்னைக்குத்தான் மொத மொதல்ல கூப்பிட்டும் திரும்பல" என்றாள். பிறகு பால்காரர் கொடுத்த நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். பதினொரு வருஷம், ஒரு நாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பதினொரு வருஷமாக நாங்கள் கூப்பிட்டதெல்லாம் எங்கேயும் போகாமல் வரிசையில் நின்றிருக்கிறது. எந்தத் தேதியில் எந்த மணிக்குக் கூப்பிட்டோமோ அந்தத் தேதியில் அந்த மணிக்கு, கூப்பிட்டவர் குரலிலேயே அது திரும்ப வந்தது, கோமு ஒவ்வொன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். அன்று மட்டும் நாற்பத்து மூன்று முறை. நான் டூட்டிக்குப் போகவில்லை. மாரி சாயங்காலம் வரை சுவரோரத்திலேயே உட்கார்ந்து, "ஏங்க, எல்லாத்தையும் கேட்டிருக்கா, எம்புள்ள ஒண்ணு விடாம எல்லாத்தையும் கேட்டிருக்கா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் அழுகையில் பாதி பயம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கூப்பிட்டால் ஆள் வரவேண்டும் என்பதுதான் என் தொழில். நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே முப்பது வருஷம் படியில் தொங்கிக் கூப்பிட்டிருக்கிறேன். நான் ஊர்ப் பெயரை இழுத்துக் கூப்பிட்டால் டீக்கடையில் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள், வேறு ஊருக்குப் போகவேண்டியவர்கள்கூட ஏறிவிட்டுப் பாதி வழியில் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குவார்கள். நயினார் கூப்பிட்டால் நடைமேடையே திரும்பும் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட தொண்டைக்கு வீட்டில் ஒரு சின்னத் தலை திரும்பவில்லை என்றால் எப்படி இருக்கும்? காது நன்றாகக் கேட்கிறது என்றார் ஒரு டாக்டர். இது ஆட்டிசம், நோய் இல்லை, பிள்ளையின் அமைப்பே அப்படி, அவள் போக்கில் போய்ப் பழக்குங்கள் என்றார் இன்னொருவர். மாரி அன்றிலிருந்தே அவள் போக்கில் போய்விட்டாள். கோமுவுக்கு வெள்ளைச் சோறுதான் வேண்டும், அதில் கடுகு ஒன்று கிடந்தாலும் தட்டைத் தள்ளிவிடுவாள், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், தலையில் கிளிப் குத்தினால் பிடுங்கி என் கையில் கொடுத்துவிடுவாள். இதையெல்லாம் மாரி வாய்ப்பாடு மாதிரி படித்துக்கொண்டாள். நான்தான் கோவில் மணியில் ஊற்றின தண்ணீரைப் பிடித்து வந்து நாக்கில் விட்டேன், எதிரே நின்று கூப்பிட்டேன், காதருகே கூப்பிட்டேன், கோபத்தில் கூப்பிட்டேன், திரும்பாத தலையைக் கையால் திருப்பிவிட்டுக்கூடக் கூப்பிட்டேன்.

கோமுவுக்கு ஆறு வயதில், ஆகஸ்ட் ஏழாம் தேதி, சங்கரன்கோவிலில் கோமதி அம்மனுக்கு ஆடித்தபசுத் திருவிழா. அம்மன் பெயர் வைத்த பிள்ளை, ஒரு தடவையாவது காட்டிவிட்டு வாருங்கள் என்று மாரி அனுப்பினாள். பஸ்ஸில் ஏறினதிலிருந்து கோமு அலறினாள். அரை பஸ் என்னைப் பார்த்தது, ஓர் அம்மாள் "புள்ள வளக்கத் தெரியலன்னா எதுக்குப் பெக்கணும்" என்று சத்தமாகவே சொன்னாள். ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. ஒரு வளையல் கடை முன்னால், கொத்தாகத் தொங்கின கண்ணாடி வளையல்கள் வெயிலில் மினுங்குவதைப் பார்த்ததும் கோமு அலறலை நிறுத்திவிட்டு நின்றாள். நான் அவள் கையை விட்டேன். நழுவவில்லை, நான்தான் விட்டேன். நாலு எட்டு பின்னால் வந்தேன், கடையின் தட்டிக்குப் பின்னால் நின்றேன், அங்கிருந்து ஒரே ஒரு முறை "கோமு" என்றேன். ஊரைக் கூட்டின தொண்டையை அமுக்கி, எனக்கே கேட்கிறதா என்று சந்தேகமாகிற அளவுக்குச் சன்னமாகச் சொன்னேன். கூப்பிட்டேன், அவள் வரவில்லை என்று வீட்டில் சொல்லும்போது அது பொய்யாக இருக்கக் கூடாதல்லவா, அதற்காக. அவள் திரும்பவில்லை. நான் போய் பஸ் ஏறிவிட்டேன்.

பனவடலிசத்திரம் வரை போனேன். கைக்குட்டையை எடுக்கச் சட்டைப்பையில் கை விட்டபோது அவளுடைய கிளிப் விரலில் குத்தியது. இறங்கினேன். நல்லவன் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், பயமாகவும் இருக்கலாம். எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். ரத வீதி முனையிலிருந்தே கத்த ஆரம்பித்தேன். இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், விட்ட இடத்திலேயே, வளையல்களைப் பார்த்தபடி நிற்கிறாள். ஒரு மணி நேரம் இருபது நிமிஷம். கடைக்காரர் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லியிருக்கிறார், அவள் உட்காரவில்லை.

வீட்டில் மாரியிடம், "கூட்டத்துல கை நழுவிட்டு. நாலு ரத வீதியும் சுத்திச் சுத்திக் கூப்பிட்டேன்" என்றேன். மாரி என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் முதல் தோசை எனக்கு. காலனி முழுக்க அந்தக் கதையை அவள்தான் பரப்பினாள், நயினார் கத்தின கத்தலில் அம்மன் தபசே கலைந்திருக்கும் என்று எல்லாரும் பேசினார்கள். அன்றிலிருந்து நான் கோமுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வாய் வரவில்லை.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்களது ஹவுசிங்போர்டு காலனி, மூன்று மாடி, பதினெட்டு வீடு, சுவர்கள் மெல்லிசு. விஷயம் ஒரே நாளில் பரவியது. முதல் வாரம் திருநீறு கொண்டுவந்தார்கள், இரண்டாம் வாரம் செல்போனில் பதிவுசெய்ய வந்தார்கள், போனில் கோமுவின் பதில் மட்டும்தான் விழுந்தது, சுவரின் குரல் விழவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து தண்ணீர் வருகிற நேரம் மாதிரி அதுவும் ஒரு நேரம் ஆகிவிட்டது. அது இங்கிலீஷ் தேதிப்படி வருகிறதா, தமிழ்த் தேதிப்படி வருகிறதா என்று மாடிப்படியில் இரண்டு நாள் வழக்கு நடந்து இங்கிலீஷ் தேதி ஜெயித்தது. கோமு போகிற பயிற்சிப் பள்ளியின் டீச்சர் ஒருநாள் முழுக்க உட்கார்ந்து கேட்டுவிட்டு, நோட்டில் 'பதில் சற்றுத் தாமதமாக வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மாடியில் இருக்கும் எஸ்தரக்கா தையல்காரி. அவள் வீட்டுக்காரர் தாவீது, கோமுவுக்கு எட்டு வயது நடந்தபோது இறந்துபோனார். அவர் தினமும் சாயங்காலம் ஆறே கால் மணிக்கு வேலை விட்டு வரும்போது எங்கள் வாசலில் நின்று, "கோமுக்குட்டி, மாமா முறுக்கு வாங்கியாந்திருக்கேன்" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் மேலே ஏறுவார், திரும்பிப் பார்க்காத பிள்ளையின் மடியில் முறுக்கை வைத்துவிட்டுப் போவார். எஸ்தரக்கா இப்போது ஆறு மணிக்கே முகம் கழுவி, பவுடர் போட்டு, வெளுத்த சேலையாக உடுத்து, எங்கள் வாசலுக்கு வந்துவிடுவாள். சுவர் கூப்பிடும். கோமு பதில் சொல்வாள். எஸ்தரக்கா, "தொண்டை கட்டியிருக்கு அவுகளுக்கு, நான் கஷாயம் வச்சுக் குடுத்திருக்கணும்" என்று ஏதாவது சொல்லிவிட்டு எழுந்து போவாள். போகும்போது கோமு பக்கத்தில் ஒரு முறுக்கு வைப்பாள்.

எல்லாருக்கும் முறுக்காக வரவில்லை. காலனிச் சங்கத் தலைவர் ராமசுப்பு, ஒரு வியாழக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது, "ஏ லூசு, தள்ளி நில்லு" என்று தன் குரலையே சுவரிலிருந்து கேட்டார். கோமு அதற்கும் "இங்கனதான் இருக்கேன்" என்றாள். அவர் செருப்பைக்கூடப் போடாமல் இறங்கிப் போனார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குக் குரல் வருகிற நேரங்களில் இரைச்சல் குறுக்கிடாதபடி தண்ணீர் மோட்டாரை அவரே போய் நிறுத்தினார். இப்படிச் சிலருக்கு ஆனபிறகு காலனியில் பிள்ளைகளை அதட்டிக் கூப்பிடுவது குறைந்துபோனது. பதினொரு வருஷம் கழித்து எந்தச் சுவர் எதைத் திருப்பிச் சொல்லுமோ என்று, சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகூட ஒரு நிமிஷம் யோசித்துச் சண்டை போட்டார்கள்.

இந்தச் சந்தோஷங்களுக்கு நடுவில் நான் ஒருவன் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு வயது, ஐந்து வயது என்று சுவர் நகர நகர, என் குரல் தேய்ந்து வருவது எனக்கே கேட்டது. முதல் வருஷம் ஒரு நாளைக்கு இருபது கூப்பிடல், அடுத்த வருஷம் பத்து, அப்புறம் இரண்டு மூன்று, அதிலும் கொஞ்சல் போய் வெறும் அதட்டல். மாரியின் குரல் மட்டும் தேயவே இல்லை, சாப்பிட வாட்டி, குளிக்க வாட்டி, மழை பாரு வாட்டி என்று அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டு ஒரே பதிலைச் சொல்கிற பிள்ளையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மாரிக்கும் அந்தத் தேதி தெரியும். புது வருஷ நாள்காட்டி வந்ததுமே ஆகஸ்ட் ஏழைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டாள். "அன்னைக்கு நீங்க டூட்டிக்குப் போவக் கூடாது. நீங்க எப்படிக் கத்திருப்பியன்னு நான் கேக்கணும்" என்றாள். மூன்று தடவை அவளிடம் சொல்லிவிடப் போனேன். ஒரு தடவை அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், ஒரு தடவை கோமுவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள், ஒரு தடவை சும்மாதான் இருந்தாள். "மாரி, அன்னைக்கு அந்தக் கூட்டத்துல" என்று ஆரம்பிப்பேன். "நினைக்காதீங்க, அதான் கெடைச்சிட்டால்லா" என்று என் முதுகைத் தடவுவாள். அதோடு போய்விடும். கோமுவை எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றும் பார்த்தேன். முந்தின வருஷம் குற்றாலத்துக்குப் போனபோது அருவிக்கரையில் ஒரு பாறை, மாரியின் குரலில் "கோமு, தலை துவட்ட வாட்டி" என்று கூப்பிட்டது. எங்கே போனாலும் வரும்.

ஆகஸ்ட் ஏழு வந்தது. மாரி ரவை கேசரி கிண்டியிருந்தாள். எஸ்தரக்கா வந்தாள், ராமசுப்பு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார், கூடம் கொள்ளாமல் ஆட்கள் வாசல் வரை நின்றார்கள். தொலைந்த பிள்ளையைத் தகப்பன் கூப்பிட்ட குரலைக் கேட்க வந்த கூட்டம். மாரி மின்விசிறியையும் நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோமு எப்போதும்போலச் சுவரைப் பார்த்து மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, மாரியின் உயரம்.

நாலு பத்துக்குச் சுவர் சொன்னது, "கோமு."

தூங்குகிற ஆள் விழித்துவிடாமல் ஒருவர் தனக்குள் சொல்லிப் பார்க்கிற மாதிரி இருந்தது. கோமுவும் அதே அளவுக்குச் சன்னமாக, எங்கள் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவள் மாதிரி, "இங்கனதான் இருக்கேன்" என்றாள்.

"வந்துட்டா? எனக்குக் கேக்கலையே" என்றார் ராமசுப்பு.

"இது ஆரம்பம் அண்ணாச்சி. இனிமேதான் பாருங்க" என்றாள் மாரி.

நாலேகால் ஆனது. நாலரை ஆனது. சுவர் சுவராகவே இருந்தது. முதலில் புரிந்தது எஸ்தரக்காவுக்கு. மூன்று வருஷமாகக் குரல்களைக் கேட்டுக் கேட்டுப் பழகின காது அது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாரி, மெஷின நிறுத்தாம வந்துட்டேன்" என்று எழுந்தாள். அவள் மெஷின், மிதித்தால்தான் ஓடுகிற கால் மெஷின். பிறகு ஒவ்வொருவராக, பால் வைத்திருக்கிறேன், போன் வருகிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்கள். கேசரி யாரும் தொடாமல் இருந்தது. ஐந்து மணிக்கு நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். மாரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தூரம் போனிய?" என்று கேட்டாள்.

"பனவடலி வரைக்கும்."

"இவ எங்க நின்னா?"

"விட்ட எடத்துலேயே."

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. மாரி தலையை ஆட்டினாள். கோமு சாப்பிடுகிற நேரம் ஐந்தரை. அது ஒரு நிமிஷம் தவறினாலும் பிள்ளை தவித்துப்போகும் என்பதால், மாரி எழுந்து போய் வெள்ளைச் சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். முதல் கவளம் கோமுவின் வாயில் இருக்கும்போது சுவர் அலறியது.

"கோமூ! ஏ கோமூ! கோமூ!"

அதுதான் என் தொண்டை. மேல்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது, கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நின்றுவிட்டன. கோமு சோற்றை மென்றுகொண்டே ஒவ்வொன்றுக்கும் சொன்னாள், இங்கனதான் இருக்கேன், இங்கனதான் இருக்கேன், இங்கனதான் இருக்கேன். மாரி அவள் சொல்லி முடிக்கும்வரை கவளத்தைக் கையில் பிடித்துக் காத்திருந்து, முடித்ததும் ஊட்டினாள். எழுபது முறைக்கு மேல் இருக்கும். இந்தக் குரலைக் கேட்கத்தான் அவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இது நடந்து பத்து மாதம் ஆகிறது. மாரி எங்கேயும் போய்விடவில்லை. இட்லி அவிக்கிறாள், என் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போடுகிறாள். முதல் தோசை கோமுவுக்குப் போகிறது, அது சரிதான். காலனியில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தால் வழி விடுகிறார்கள். சுவரிலிருந்து தாவீது கூப்பிடுகிறார், மாரி கூப்பிடுகிறாள், கோமு பதில் சொல்கிறாள். என் குரல் மட்டும் வருவதில்லை. அந்த நாளுக்குப் பிறகு நான்தான் அவளைக் கூப்பிடவே இல்லையே, வரிசையில் நிற்க ஒன்றுமில்லை. மகள் பதில் சொல்லத் தயாராக இருக்கும்போது கூப்பிட்டு வைத்த ஒரு வார்த்தை இல்லாத தகப்பன் நான்.

மாரி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, நான் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. ஆனாலும் தினமும் கூப்பிடுகிறேன். கூப்பிட்டது எதுவும் எங்கேயும் போய்விடாது என்று இந்த வீட்டில் மூன்று வருஷம் கண்ணால் பார்த்தவன், அந்தத் தெம்பில்தான்.

இன்று காலையும் டூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "மாரி" என்று கூப்பிட்டேன். அடுக்களையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவளுக்குக் கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. நான் செருப்பை மாட்டக் குனிந்தேன்.

"இங்கனதான் இருக்கேன்."

கூடத்திலிருந்து வந்தது. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், நாள்காட்டியைப் பார்த்தேன். சுவரிலிருந்து யாருடைய குரலும் வந்திருக்கவில்லை. கோமு மூடியைச் சுற்றிவிடுவதை நிறுத்தியிருந்தாள். பதினொரு வருஷம் கழித்து இல்லை, இப்போது, நான் இப்போது கூப்பிட்டதற்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

நான் கூப்பிட்டது அவளை இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றேன்.